நான்காவது மோட்டார்

முகூர்த்தம் ஒன்பதே முக்காலுக்கு. மணி இப்போது எட்டு இருபது.

மும்பை மாட்டுங்கா மண்டபத்தில் மணமேடைக்குப் பின்னால், பந்திப் பாத்திரங்களை அடுக்கி வைக்கும் சின்ன அறையில் கோகிலவாணி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள். எதிரே ஒரு பெரிய கறுப்புப் பெட்டி. பக்கத்து அறையில் அலங்காரம் செய்துகொண்டிருந்த கல்யாணப் பெண்ணுக்கு எவ்வளவு படபடப்போ, அதில் பாதி இவளுக்கும் இருந்தது.

பெட்டியைத் திறந்தாள். உள்ளே வண்டு சமர்த்தாகப் படுத்திருந்தது.

வண்டு என்பது அவளுடைய ட்ரோனுக்கு வீட்டில் வைத்த பெயர். வைத்தவள் நாத்தனார் மகேஸ்வரி. பிரியத்தில் வைத்தாள் என்று யாரும் தப்பாக எண்ணிவிட வேண்டாம். போன வாரம் தாராவி வீட்டில் ஒரு ரகளை நடந்தது. "இந்த வண்டு வீட்டுக்குள்ள இன்னொரு மட்டம் பறந்துச்சுன்னா நான் வெளிய போயிருவேன்" என்று மகேஸ்வரி கத்த, "ஞாயித்துக்கிழமை கல்யாணத்துல பறக்கும் மதினி, வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்று கோகிலவாணி பதிலுக்குக் கத்த, நடுவில் மாட்டிக்கொண்ட கோகிலவாணியின் கணவன் மாரிசெல்வம் ஒரு தீர்ப்புச் சொன்னான்.

ஜகந்நாதன் வீட்டுக் கல்யாணத்தில் வண்டு ஒழுங்காகப் பூத்தூவினால் அது வீட்டில் இருக்கலாம். சொதப்பினால் வாங்கின இடத்துக்கே, செம்பூர் நசீர் கடைக்கே, திரும்பிப் போய்விட வேண்டும். அதோடு கோகிலவாணியும் பேசாமல் ஏழாவது மிஷினில் உட்கார்ந்துவிட வேண்டும்.

ஏழாவது மிஷின் என்று ஒன்று இன்னும் வாங்கவே இல்லை. மாரிசெல்வத்தின் தையல் பட்டறையில் இருப்பது ஆறுதான். கீழே பட்டறை, மேலே வீடு. அக்கா மகேஸ்வரி முதல் மிஷின்காரி. தம்பி பெயருக்கு முதலாளி. கல்யாணமாகி வந்த ஆறு வருஷத்தில் கோகிலவாணி அந்த ஆறு மிஷின்களின் சத்தத்தையும் மனப்பாடம் செய்துவிட்டாள். மாடியில் அடுப்பு முன்னால் நின்றுகொண்டே, "மதினி, மூணாவது இப்பம் நூல் அறுக்கப் போகுது" என்பாள். அறுக்கும்.

அந்தக் காதை நம்பித்தான் அவள் செம்பூரில் மூன்று மாதம் ட்ரோன் ஓட்டப் படித்தாள். நசீர் கழற்றி மாட்டி வைத்திருந்த பழைய வண்டை வாங்கினாள். அவள் பெயருக்கென்று வந்த முதல் வேலை இது. ஜகந்நாதனுக்குச் செம்பூரில் பெரிய மளிகைக்கடை, ஒரே மகள். தாலி ஏறும் நேரத்தில் மேலிருந்து ரோஜா இதழ் கொட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அத்தோடு விடாமல், 'ஆகாயத்திலிருந்து பூமாரி' என்று பத்திரிகையிலேயே அச்சடித்துவிட்டார். மண்டபத்துக் கூரைக்கு ஆகாயம் என்று பெயர் வைத்தது அவர் பெருந்தன்மை.

கோகிலவாணி ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். யார் தலைக்கு மேலும் வண்டு பறக்காது. மணமேடைக்கு முன்னால் ஆறடி அகலத்துக்குக் கயிறு கட்டி, ஆள் நிற்காத பாதை ஒன்று விட வேண்டும். வண்டு அங்கே நின்று கொட்டும், அதன் காற்றே இதழ்களை மேடைக்கு அனுப்பிவிடும்.

ஜகந்நாதன் அரை மனதாகச் சம்மதித்திருந்தார்.

இப்போது அவள் வேலையை ஆரம்பித்தாள். முதலில் இறக்கைகள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து விளிம்பில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. இறக்கைகளைச் சுற்றியிருந்த பாதுகாப்பு வளையங்களை ஆட்டிப் பார்த்தாள். வலது பக்க வளையம் கடகடவென்று ஆடியது.

"ஏங்க, நேத்து இதை முறுக்கத்தானே நசீர் கடைக்குக் கொண்டு போனீங்க?"

கதவருகில் புதுச் சட்டையில் நின்றுகொண்டு மண்டபத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்த மாரிசெல்வம் திரும்பினான். "ஆமா. என்ன?"

"அப்படியேதான் ஆடுது."

"அவனுக்கு ஆயிரம் சோலி. மறந்திருப்பான்."

நசீர் மறக்கிற ஆள் இல்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உட்கார நேரமில்லை. திருப்புளியை எடுத்து அவளே முறுக்கினாள்.

அடுத்தது மோட்டார். வண்டுக்கு நான்கு கால், காலுக்கு ஒரு மோட்டார். இறக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டு முதல் மோட்டாரை ஆள்காட்டி விரலால் மெல்லச் சுற்றினாள். உள்ளே இருக்கும் காந்தம் விரலை டக் டக் டக்கென்று ஒரே சீராகத் தள்ளியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

நான்காவது, முக்கால் சுற்று நன்றாக வந்து ஓரிடத்தில் லேசாகத் தடுத்தது.

மறுபடி சுற்றினாள். அதே இடத்தில் தடுத்தது. எதிர்ப்பக்கம் சுற்றினாள். அப்போதும் அதே இடம்தான்.

மோட்டாரின் தலையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள். ஆட்டம் இல்லை. குனிந்து மூக்கை வைத்தாள். கம்பி கருகின வாடை இல்லை. ஆனால் வேறொரு வாடை வந்தது. அவளுக்கு ஆறு வருஷமாகப் பழக்கமான வாடை.

தையல் மிஷின் எண்ணெய்.

"ஏங்க, கதவைச் சாத்துங்க. வெளிச் சத்தம் வேண்டாம்."

இறக்கைகள் இல்லாமலே மோட்டார்களை மட்டும் ஓடவிட்டாள். ஒவ்வொன்றாக. முதல் மூன்றும் ஒரே குரலில் ரீங்காரம் போட்டன. நான்காவது கிளம்பும்போதே ஒரு வெட்டு வெட்டிவிட்டுத்தான் சுழன்றது. ரீங்காரத்துக்கு அடியில் சன்னமாக ஒரு 'சர்ர்ர்'. துணியில் ஊசி சிக்கினால் கேட்குமே, அந்த இனம். அரை நிமிஷத்தில் நிறுத்தி நான்கையும் தொட்டுப் பார்த்தாள். மூன்று ஜில்லென்று இருந்தன. நான்காவது சுட்டது.

"இது பறக்காது" என்றாள்.

"என்னட்டி சொல்லுதே?" மாரிசெல்வம் பதறிப்போய்க் கிட்டே வந்தான். "சுத்துதுல்லா? நான் கண்ணால பாத்தேனே!"

"சுத்துது. பூவைத் தூக்கிட்டு ரெண்டு நிமிஷம் நின்னா சூடாகி நின்னுரும். நாலு கால்ல ஒண்ணு நின்னா வண்டு குப்புற விழும். கீழ கல்யாணப் பொண்ணு."

"கயிறு கட்டியிருக்கே!"

"விழுறது கயிறு பாத்தா விழும்?"

"சன்னமா ஒரு சத்தம், அம்புட்டுதானே? கெட்டி மேளம் கொட்டுற சத்தத்துல எவன் காதுல விழப்போகுது?"

ஆறு வருஷத்தில் அவன் எத்தனையோ அசட்டுத்தனம் பேசிக் கேட்டிருக்கிறாள். இது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன.

"முன்வரிசையில தளவாய் அண்ணாச்சி வேற வந்து உக்காந்துட்டாரு" என்று அவன் குரலைத் தாழ்த்தினான். "இப்பம் போயிப் பறக்காதுன்னா அசிங்கமா இருக்கும்."

தளவாய் அண்ணாச்சி தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வந்திருக்க, அவர் ஒருத்தர் முன்னால் மட்டும் இவனுக்கு என்ன அசிங்கம் என்று கோகிலவாணிக்கு விளங்கவில்லை. யோசிக்கவும் இல்லை. அவள் மனசு அந்த எண்ணெய் வாடையிலேயே நின்றது. பட்டறையில் எண்ணெய்க் குப்பி ஒருத்தி கையில்தான் இருக்கும்.

வண்டு சொதப்ப வேண்டும் என்று நினைப்பவளும் அந்த ஒருத்திதான்.

போனை எடுத்தாள். மகேஸ்வரிக்குப் போட்டாள்.

"மதினி, வண்டு மேல எண்ணெய் ஊத்துனீங்களா?"

அந்தப் பக்கம் டிவி ஓடும் சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வராமல் வீட்டில் இருந்தாள் மகேஸ்வரி.

"ஊத்துனீங்களா இல்லையா?"

"ஊத்துனேன்" என்றாள் மகேஸ்வரி. "அதுக்கென்ன இப்பம்?"

"ஏன் மதினி? நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"ஏட்டி, என்ன பேச்சுப் பேசுதே? வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லா மிஷினையும் தொடைச்சு ஆளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். அது மட்டும் மூலையில தனியாக் கெடந்துச்சு. அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? நாலு சக்கரத்துக்கும் ஒவ்வொரு சொட்டு விட்டேன். பொட்டு வெச்சேன், சாம்பிராணி காட்டுனேன். ஒம் பேருக்கு மொதோ சோலி, நல்லபடியா முடியட்டும்னுதான் செஞ்சேன்!"

கோகிலவாணி வண்டின் மேல்பக்கத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"பொட்டு… நான் பாக்கலியே மதினி."

"அடியில வெச்சேன். மேல வெச்சா நீ பாத்துச் சிரிப்பேன்னு."

வண்டைக் கவிழ்த்தாள். பூப்பெட்டி மாட்டும் சட்டத்துக்கு உள்பக்கம், கண்ணுக்கு எளிதில் படாத இடத்தில், சந்தனத்துக்கு நடுவே குங்குமம். பாசிப்பயறு அளவுக்கு ஒரு பொட்டு. ஏழு நாளாக முகம் கொடுத்துப் பேசாத மனுஷி வைத்த பொட்டு.

கோபம் போன இடம் தெரியவில்லை. கண் கரித்தது. அழ நேரம் எங்கே இருக்கிறது? மணி எட்டு முப்பத்தெட்டு.

"மதினி, மொதல் மிஷின் டிராயர்ல பாபின் டப்பாவுக்குக் கீழ ஒரு நீலப் பெட்டி இருக்கும். அதுல வேற மோட்டார் இருக்கு. அப்படியே பெட்டியோட கொண்டு வரணும். நீங்கதான் வரணும். இங்கேருந்து ஆள் போயித் திரும்பினா நேரம் பத்தாது."

"எத்தனை மணிக்குத் தாலி?"

"ஒம்பதே முக்கால்."

"போனை வை" என்றாள் மகேஸ்வரி.

இனிமேல்தான் பெரிய கண்டம். ஜகந்நாதன் பட்டு அங்கவஸ்திரம் சரிய அறைக்குள் வந்தார். பின்னாலேயே மாரிசெல்வம். முகத்தைப் பார்த்தாலே அவன் விஷயத்தைப் போட்டு உடைத்திருப்பது தெரிந்தது.

"யெம்மா கோகிலா, பறக்காதாமே?"

"ஒரு மோட்டார் சரியில்ல அண்ணாச்சி. மாத்து மோட்டார் வந்துக்கிட்டு இருக்கு. மாட்டி, ஓட்டிப் பாத்து, எனக்குத் திருப்தியா இருந்தாப் பறக்கும்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா பறக்காது."

ஜகந்நாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பத்திரிகையில அடிச்சிருக்கேனே தாயி! நெருள்லேருந்து தாணே வரைக்கும் எல்லாப் பயலும் போனைத் தூக்கிக்கிட்டு நிக்கான், வீடியோ எடுக்கணும்னு. இந்தா, மாரி சொல்லுதான், நல்லாத்தான் சுத்துதுன்னு."

"அண்ணாச்சி, கையை நீட்டுங்க."

அவர் புரியாமல் நீட்டினார். கோகிலவாணி அவருடைய விரலைப் பிடித்து முதல் மோட்டாரைச் சுற்ற வைத்தாள். பிறகு நான்காவதை. தடுத்த இடத்தில் அவர் விரலும் நின்றது. முகம் மாறியது.

"மாவு மிஷின் பேரிங் இப்படித்தான் மொதல்ல பிடிக்கும்" என்றார் மெதுவாக. மளிகைக்காரர், இரும்போடு அவருக்கும் சகவாசம் உண்டு. "அன்னைக்கு நான் கேக்கல. பெல்ட் அறுந்து வந்து என் முழங்கையில அடிச்சுது." முழங்கையைத் தடவிக்கொண்டார். "சரி. நீ சொன்னா பறக்கட்டும். நீ வேண்டாம்னா ஐயரு அட்சதை போடட்டும். எம்மவ தலைதான் எனக்குப் பெரிசு."

அவர் போனதும் மாரிசெல்வம் வாயைத் திறந்தான். கோகிலவாணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

ஒன்பது மணி ஆயிற்று. மாப்பிள்ளை அழைப்பு முடிந்து நாகஸ்வரம் மேடையேறிவிட்டது. ஒன்பது ஐந்து. கோகிலவாணி நான்காவது மோட்டாரைக் கழற்றி, அதன் மூன்று வயர்களின் இணைப்பையும் உருவி, காலி இடத்தைத் துடைத்துத் தயாராக வைத்துவிட்டாள். மற்ற மூன்றிலும் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தாள். இந்த மோட்டாருக்கு எண்ணெய் ஆகாது, தூசியை அள்ளி அப்பிக்கொள்ளும். அதை மகேஸ்வரிக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. கோகிலவாணியும் சொல்லவில்லை. பேச்சுவார்த்தையே இல்லாத வீட்டில் எதைச் சொல்வது?

ஒன்பது பத்து. போன் போட்டாள். எடுக்கவில்லை.

ஒன்பது பதினேழுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு மகேஸ்வரி வந்தாள். வீட்டில் கட்டும் நூல்சேலை, அவிழ்ந்த கொண்டை, கையில் நீலப் பெட்டி. மூச்சு இரைத்ததில் பேச முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஆட்டோக்காரன் சயான்ல எறக்கி விட்டுட்டான். 'ஆகே நஹி ஜாயேகா', இதுக்கு மேல போவாதுங்கான். இங்கிட்டு ஆட்டோ வராதுங்கது அவசரத்துல மறந்தே போச்சு. டாக்ஸி ஒண்ணும் நிக்கல. ட்ரெயினுக்குப் போலாம்னா ஞாயித்துக்கிழமை, மெகா பிளாக், ட்ரெயினே ஓடல!"

"அப்போ எப்படி வந்தீங்க?"

"ஓடி வந்தேன். வேற எப்படி?"

நாற்பத்தாறு வயதில், பாதி சயானும் பாதி மாட்டுங்காவும் பார்க்க, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். கோகிலவாணி தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

பெட்டியில் இரண்டு மோட்டார்கள் இருந்தன. ஒன்று வலம் சுற்றுவது, மற்றது இடம் சுற்றுவது. நான்காவது காலுக்கு வேண்டிய, கறுப்பு மூடி போட்டதை எடுத்தாள். விரலால் சுற்றினாள். டக் டக் டக். எங்கும் தடையில்லை. உட்கார வைத்து நான்கு திருகாணிகளையும் முறுக்கினாள். மூன்று வயர்களையும் இணைத்தாள். மகேஸ்வரி கேட்காமலே போன் டார்ச்சைப் பிடித்தாள். பட்டறையில் ஊசி மாற்றும்போது பிடிப்பது போல, நிழல் விழாமல், சரியான கோணத்தில் பிடித்தாள்.

"ஓட்டுதேன். கேளுங்க மதினி."

நான்கு மோட்டார்களும் ஓடின. இரண்டு பெண்களும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். மாரிசெல்வம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒரே குரல்" என்றாள் மகேஸ்வரி.

"ஒரே குரல்தான்."

இறக்கைகளை மாட்டினாள். பூப்பெட்டியில் இதழ்களை நிரப்பி, அந்த எடையோடு வண்டை அறைக்குள்ளேயே இடுப்புயரத்துக்கு எழுப்பி ஒன்றரை நிமிஷம் நிற்க வைத்தாள். அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்தன. வண்டு ஆடவில்லை, நடுங்கவில்லை, ஒரு பக்கம் சாயவில்லை. இறக்கினாள். நான்கையும் தொட்டாள். நான்கும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு.

மணி ஒன்பது முப்பத்தெட்டு.

"பறக்கும்!" என்றாள் கோகிலவாணி.

வண்டுக்காக மண்டபத்தில் மின்விசிறிகளை நிறுத்தியதும் ஆயிரம் பேரும் ஒரே சமயத்தில் பத்திரிகையால் விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்கள். நான்கு நிமிஷம்தான் என்று ஜகந்நாதன் மைக்கில் கெஞ்சினார். கயிறு கட்டிய பாதைக்குள் கால் வைத்த ஒரு மாமாவை மகேஸ்வரி, "பாவ்ஜி, பீச்சே!" என்று ஹிந்தியில் ஒரு அதட்டு அதட்டினாள். அவர் தமிழர். அதட்டலில் மொழி மறந்து பின்னால் போனார்.

கோகிலவாணி பாதையின் ஓரத்தில் ரிமோட்டோடு நின்றாள். ஐயர் கையை உயர்த்தினார்.

"கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

வண்டு எழுந்தது.

தவிலும் நாகஸ்வரமும் வெடித்த வெடிப்பில் அதன் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. கோகிலவாணிக்கு மட்டும் கேட்டது, அல்லது கேட்பதாக அவள் நம்பினாள். நான்கு மோட்டார், ஒரே குரல். பத்தடி, பதினைந்தடி என்று ஏறி, சரவிளக்குக்குப் பக்கவாட்டில் ஆணி அடித்த மாதிரி நின்றது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டான். அவள் பொத்தானை அழுத்தினாள்.

பெட்டியின் அடி திறந்தது. சிவப்பாக ஒரு மேகம் உடைந்து இறங்கியது. வண்டின் காற்று இதழ்களை அள்ளி மேடைப் பக்கம் வீசியது. பெண்ணின் நெற்றிச்சுட்டியில் இதழ், மாப்பிள்ளையின் மூக்கில் இதழ், ஐயரின் நெய்க் கிண்ணத்தில் இதழ். குழந்தைகள் கூச்சலிட்டார்கள். மேடையின் மூலையில் ஜகந்நாதன் வாய்விட்டு அழுதுகொண்டே கைதட்டினார்.

வண்டு வந்த வழியே திரும்பி, பாதையின் நடுவில் பூப்போல உட்கார்ந்தது. கோகிலவாணி ரிமோட்டைக் கீழே வைத்த அடுத்த நொடி மகேஸ்வரி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எலும்பு நொறுங்குகிற பிடி.

"பறந்துட்டுட்டீ! ஏ யப்பா, என்னமா பறந்துச்சு!"

"நீங்க ஓடி வந்ததாலதான் பறந்துச்சு மதினி."

பந்தி ஆரம்பித்தபோது கோகிலவாணியின் போனில் நான்கு பேர் நம்பர் பதிந்திருந்தார்கள். ஒரு வளைகாப்பு, ஒரு காதுகுத்து, இரண்டு கல்யாணம். இரண்டு பெண்களும் பாத்திர அறையில் ஒரே தட்டில் கேசரியை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே வண்டைப் பெட்டியில் அடுக்கினார்கள்.

கெட்டுப்போன மோட்டாரை மகேஸ்வரி கையில் எடுத்தாள். "இது எஞ் சொட்டு எண்ணெயாலயா கெட்டுச்சு? எனக்கு மனசே ஆறல. தொறந்து காட்டு."

கோகிலவாணி அடியிலிருந்த சின்ன வளையத்தை நெம்பி, மோட்டாரின் தலையை உருவினாள். உள்ளே லேசான எண்ணெய்ப் பிசுக்கு, அதில் கொஞ்சம் பஞ்சுத் தூசி. அதனால் விரல் தடுக்காது. போன் டார்ச்சை அருகில் கொண்டுபோனாள். காந்தத்தின் மேல் ஏதோ மினுங்கியது.

சாமணத்தால் பிடுங்கினாள். அரிசி அளவுக்கு ஒரு இரும்புத் துணுக்கு. உடைந்த ஊசியின் முனை. காந்தம் இழுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"நம்ம பட்டறை ஊசிதான் மதினி. தொடைக்கையில மேசையிலேருந்து ஒட்டியிருக்கும். போகட்டும், விடுங்க."

மகேஸ்வரி விடவில்லை. துணுக்கை உள்ளங்கையில் வாங்கி வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷமாக ஊசி மாற்றிய கண்.

"இது நம்ம ஊசி இல்லட்டி."

"என்ன?"

"துணி ஊசி நுனி உருண்டையா இருக்கும். இதைப் பாரு, உளி மாதிரி வெட்டியிருக்கு. இது தோல் தைக்கிற ஊசி. நம்ம பட்டறைக்குள்ள இந்த ஊசி வந்ததே கெடையாது."

கோகிலவாணியின் கையில் கேசரி அப்படியே நின்றது.

வெள்ளிக்கிழமை இரவு அவள் வண்டைச் சோதித்தபோது நான்கு மோட்டாரும் சரியாக இருந்தன. சனிக்கிழமை முழுக்க அது மாரிசெல்வத்திடம் இருந்தது. நசீர் முறுக்கியதாகச் சொன்ன வளையம் முறுக்கப்படவே இல்லை. வண்டு செம்பூருக்கே போகவில்லை. தோல் தைக்கும் மேசை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறது.

மாரிசெல்வம் வாயெல்லாம் பல்லாக அறைக்குள் வந்தான். "வெளிய எல்லாரும் ஒன்னையத்தான் கேக்காங்க! தளவாய் அண்ணாச்சி அசந்து போயிட்டாரு!"

கோகிலவாணி எழுந்து அவன் முன்னால் உள்ளங்கையை விரித்தாள். நடுவில் அந்தத் துணுக்கு.

"நேத்து வண்டை எங்க கொண்டு போனீங்க?"

சிரிப்பு அவன் முகத்திலிருந்து மெதுவாக இறங்கியது. அக்காவைப் பார்த்தான். அக்கா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தளவாய் அண்ணாச்சிகிட்டக் காட்டத்தான் கொண்டு போனேன்" என்றான். "இன்னைக்கு நல்லாப் பறந்தா, நாளைக்கு வந்து எடுத்துக்கிடுதேன்னு சொன்னாரு. நானும் சரின்னு… வார்த்தை குடுத்துட்டேன்."

வெளியே பந்தியில் யாரோ பாயசம் கேட்டுக் கூப்பிட்டார்கள். சொதப்பினால் நசீர் கடை, நன்றாகப் பறந்தால் தளவாய் பட்டறை. எப்படிப் பறந்திருந்தாலும் வண்டு அவளிடம் இருந்திருக்காது. அதற்காகவா காலையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்?

"ஏன்?" என்றாள். "அவருக்கு எதுக்கு வார்த்தை குடுத்தீங்க? அப்படி என்ன வந்துச்சு?"

"அவருகிட்டக் கடன் இருக்கே" என்று முனகினான். பார்வை கதவுக்கு வெளியே, பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்திருந்த தளவாயிடம் போய்த் திரும்பியது.

கோகிலவாணி அதற்கு மேல் கேட்கவில்லை. குனிந்து, பெட்டியை மூடி, பூட்டைப் போட்டாள். சாவியை எடுத்து மகேஸ்வரியின் கையில் வைத்தாள்.

"ஒங்ககிட்ட இருக்கட்டும் மதினி."

மகேஸ்வரி ஒரு கணம் சாவியைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த பட்டறைச் சாவிக்கொத்தை எடுத்து, அதையும் அதில் கோர்த்துச் செருகிக்கொண்டாள்.

"ஏல மாரி" என்றாள் தம்பியிடம். "நாளைக்குத் தளவாய் வந்தா நேரா எங்கிட்ட அனுப்பு. நான் மொதல் மிஷின்லதான் இருப்பேன்."